அனுப்பவா, வேண்டாமா

முதலியார்பேட்டையில் காலை ஒன்பது மணிக்கு மேல் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அதனால் நான் எட்டேகாலுக்கே வந்து, எங்கள் டயாலிசிஸ் சென்டர் வாசலை ஒட்டிய வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரைப் போட்டுவிடுவேன். பத்தொன்பது வருஷமாக அதே இடம். நீங்கள் என்னைக் கூட்டிவந்த அன்றும் வண்டி அங்கேதான் நின்றது. நிழல் என்பதால் அப்படியே விட்டுவிட்டு உங்கள் போலீஸ் ஜீப்பில் ஏறினேன்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். என் பெயர் லூர்துபிரகாஷ், வயது நாற்பத்தேழு. சென்டரில் அலுவலக நிர்வாகம் பார்க்கிறேன். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு வாரம் மூன்று தடவை மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவது எங்கள் வேலை. எட்டு மெஷின், எட்டுக் கட்டில்.

சென்டருக்கு வரும் மெயில் எல்லாம் என் கம்ப்யூட்டருக்குத்தான் வரும். மருந்துக் கம்பெனி, இன்சூரன்ஸ், விளம்பரம், எல்லாவற்றுக்கும் நடுவே லேபிலிருந்து வரும் ரத்தப் பரிசோதனை முடிவுகள். எது முக்கியம், எது குப்பை என்று பிரித்து, முக்கியமானதை பிரிண்ட் எடுத்து, நானே உள்ளே கொண்டுபோய் உரியவர் கையில் கொடுப்பேன். நான் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனால் எட்டுக் கட்டிலிலும் தலை திரும்பும். "என்னுதா பிரகாஷு?" என்று கேட்பார்கள். டாக்டர் அமலநாதன் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு "பியேன், பிரகாஷ்" என்பார். அவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். நல்லது என்று சொல்ல அவருக்கு அந்த வார்த்தைதான் வாயில் வரும். ஒரு நாளைக்கு நான்கைந்து தடவையாவது எனக்கு அது கிடைக்கும்.

போன ஜூன் மாதம் டெக்னீஷியன் இன்சார்ஜாக செம்மல் வந்தார். முப்பத்திரண்டு வயது, விழுப்புரத்துக்காரர். நல்ல வேலைக்காரர், அதை மறுக்கமாட்டேன். ஊசி குத்துவதில் அவர் கை தனி என்று நோயாளிகளே சொல்வார்கள். ஆகஸ்டில் ஒரு நாள் நான் நெல்லித்தோப்பில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போய்விட்டு மதியம் வந்தேன். அதற்குள் லேபிலிருந்து வந்த ஒரு ஆபத்தான முடிவு மூன்று மணி நேரம் மெயிலிலேயே கிடந்திருக்கிறது. லேபுக்காரர்கள் போனிலும் சொல்லிவிட்டதால் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் செம்மல், நர்ஸ் மெரின் பக்கத்தில் நிற்கும்போதே, நோயாளிகள் காதில் விழும்படி என்னிடம் சொன்னார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மெயில் பாத்து, பிரிண்ட் எடுத்து, நடந்து வந்து குடுக்கிற வரைக்கும் பேஷன்ட்டோட ஹார்ட்டு காத்துக்கினு இருக்காது."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சரி என்றுதான் சொன்னேன்.

மறுநாள் அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து இருபது நிமிஷத்தில் ஒரு ஏற்பாடு செய்தார். டீம் முழுக்க இருக்கிற ஒரு சாட் குரூப், அதற்கு 'முக்கியம்' என்று பெயர். முக்கியமான மெயில் தானாக அந்தக் குரூப்பில் போய் விழ வேண்டும். இன்டர்நெட்டில் அதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. கட்டம் கட்டமாக இருக்கும். ஒன்றை இழுத்து இன்னொன்றோடு சேர்த்தால் போதும்.

"இதுல கோடிங்லாம் எதுவும் இல்லண்ணா. லேப்லேர்ந்து மெயில் வந்தா, அதுல 'கிரிட்டிகல்'னு வார்த்த இருந்தா, குரூப்ல போடு. அவ்ளோதான். ஒரு தரம் சொல்லிட்டா அதுபாட்டுக்குப் பாத்துக்கும்."

அதோடு லேபுக்கும் போன் போட்டு, இனிமேல் நீங்கள் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதில்லை, மெயில் அனுப்பினாலே எங்கள் எல்லார் கைக்கும் வந்துவிடும் என்று சொன்னார். இந்த முடிவில் எனக்குப் பங்கில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரமே முதல் மெயில் வந்தது. உள்ளே ஏழெட்டுப் போன் ஒரே சமயத்தில் அடித்தது. நான் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போவதற்குள் நோயாளிக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் செம்மலின் தோளைத் தட்டி "பியேன், பியேன்" என்றார். மெரின் என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, "அத வச்சிடுங்கண்ணா, எல்லாரும் பாத்துட்டோம்" என்றாள். நல்ல பெண். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. நான் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் யாரும் என்னைத் தேடவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போனால் ஏசி ரிப்பேர்காரர் வந்திருக்கிறாரா என்று கேட்டார்கள்.

அந்த ஏற்பாடு அலுவலக மெயிலில்தான் ஓடியது. தனக்கு லீவு என்றால் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று செம்மலே எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். "சூப்பரா புடிச்சிக்கினீங்கண்ணா" என்றுகூடப் பாராட்டினார். நான் வீட்டிலும் உட்கார்ந்து பழகினேன். செப்டம்பரில் ஒரு மருந்துக் கம்பெனி விளம்பரம், அதில் கிரிட்டிகல் என்ற வார்த்தை இருந்ததால், குரூப்பில் போய் விழுந்து எல்லாரும் சிரித்தார்கள். யாராவது ஒருவர் பார்த்து அனுப்புவது நல்லது என்று எனக்குத் தோன்றியது. கட்டங்களின் வரிசையில் 'அனுமதி' என்று ஒன்று இருந்தது. அதை இழுத்து, மெயிலுக்கும் குரூப்புக்கும் நடுவில் வைத்தேன்.

அது என்ன செய்யும் என்றால், மெயில் வந்ததும் குரூப்புக்குப் போகாமல் முதலில் என் போனுக்கு வரும். மெயிலில் உள்ளதை முழுதாகக் காட்டும். கீழே இரண்டு பொத்தான்: அனுப்பு, வேண்டாம். நான் அனுப்பு என்பதை அழுத்தினால்தான் மற்றவர்களுக்குப் போகும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை.

நான்கு மாதத்தில் அறுபத்தொரு மெயில் வந்தது. அறுபது தடவை அனுப்பு என்பதைத்தான் அழுத்தியிருக்கிறேன். உங்கள் சைபர் ஆளும் அதைச் சரிபார்த்துவிட்டார்.

அழுத்துவதற்கு முன்னால் சில சமயம் கொஞ்சம் தாமதிப்பேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். என் அறையிலிருந்து கண்ணாடி வழியாக உள்ளே தெரியும். யாரோ சிரிப்பார்கள், யாரோ டிவி சேனலை மாற்றுவார்கள், செம்மல் கட்டில் கட்டிலாகப் போய் பிரஷர் பார்ப்பார். இரண்டாவது கட்டிலில் இருப்பவருக்கு என்ன ஆகப்போகிறது என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தப் பத்து நிமிஷம் எனக்குப் பிடித்திருந்தது. டிசம்பரில் ஒரு தடவை அரை மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் ஒரு பெரியவர் வாந்தி எடுத்து மயங்கிவிட்டார், பிழைத்துக்கொண்டார். லேபில் முடிவு தயாரான நேரத்தையும் குரூப்பில் வந்த நேரத்தையும் பார்த்துவிட்டு டாக்டர், "இது ஏன் லேட்டு, செம்மல்?" என்று எல்லார் முன்பும் கேட்டார். "நெட்டு ஸ்லோவா இருந்திருக்கும் சார்" என்று செம்மல் தலையைக் குனிந்துகொண்டார். அன்று வீட்டுக்குப் போய் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

இப்போது அஞ்சலாட்சி அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

தவளக்குப்பத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். வயது ஐம்பத்து நான்கு. கணவர் கன்னியப்பன் மணிலாக் கடலை பயிர் வைப்பவர். மகன் அருள்முருகன் டவுனில் டூவீலர் ஷோரூமில் வேலை. ஆறு வருஷமாக செவ்வாய், வியாழன், சனி காலை ஷிஃப்ட், மூன்றாவது கட்டில். ஜனவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. மகளுக்கு வளைகாப்பு. திங்கள்கிழமை காலை பத்தரைக்கு, அவருடைய நாள் இல்லாத நாளில், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"காலு ரெண்டும் என் காலு மாதிரியே இல்லம்மா" என்று மெரினிடம் சொன்னார்.

"இன்னா சாப்ட்டீங்க? உண்மையச் சொல்லுங்க."

"வூட்ல விசேஷம்மா. ரெண்டு வாழப்பழம் துன்னேன். கொஞ்சமா எளநி."

மெரின் தலையில் அடித்துக்கொண்டாள். இவர்களுக்கு இளநீரும் வாழைப்பழமும் ஆகாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும். ஏறினால் இதயம் சொல்லாமல் நின்றுவிடும். எங்கள் இடத்தில் தரை துடைப்பவருக்குக்கூட இது தெரியும்.

எட்டு மெஷினிலும் ஆள் இருந்தது. டாக்டர் போனில், உடனே ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புங்கள், பொட்டாசியம் ஏறியிருந்தால் ஒருவரை இறக்கிவிட்டு இவரை ஏற்றுங்கள் என்றார். செம்மல் அந்த அம்மாவை அங்கேயே உட்காரச் சொன்னார். வீட்டில் ஆள் இல்லை, மாடு கட்டினபடி நிற்கிறது, போன் செய்தால் அரை மணியில் வந்துவிடுவேன் என்று சொல்லி அந்த அம்மா கேட்கவில்லை.

"சரிம்மா. போன கைலயே வச்சிக்கங்க. ஏறியிருந்தா உடனே கூப்புடுவோம். நாங்க கூப்புடலன்னா பயப்படாதீங்க, காலைல வழக்கம்போல வந்தா போதும்."

சொன்னது செம்மல். கூப்பிடாவிட்டால் நல்லது என்று அர்த்தம் என்பது அவர் செய்துவைத்த ஏற்பாடு.

மெயில் வந்தது பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு. நான் என் அறையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. அஞ்சலாட்சி, பெண், 54, பொட்டாசியம் 7.4, கிரிட்டிகல். ஐந்துக்குள் இருக்க வேண்டியது. கீழே இரண்டு பொத்தான்.

பத்து நிமிஷம் கழித்து அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டு வரும்போது செம்மலும் மெரினும் வாசல் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இன்சூரன்ஸ் மெயிலயும் இதே மாதிரி இழுத்து வுட்டுட்டா, ஆபீஸ் ரூமுக்கு ஒரு ஆளே வேணாம்" என்றார் செம்மல்.

"ஐய, மெதுவாப் பேசுங்க. பிரகாஷ் அண்ணா காதுல உழுந்துடப் போவுது" என்று சிரித்தாள் மெரின்.

நான் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். போனை மேஜைமேல் நேராக வைத்தேன். ஒரு மணி ஆனது. ஒன்றரை ஆனது. இன்று டாக்டர் கேட்கும்போது செம்மலால் நெட் ஸ்லோ என்று சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாவைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். செம்மலைப் பற்றித்தான் நினைத்தேன்.

இரண்டு மணிக்கு மெரின் கதவில் தலையை நீட்டினாள். "அண்ணா, அஞ்சலாட்சி அம்மா ரிசல்ட்டு வந்துடுச்சா?"

"வந்தா குரூப்ல வருமேம்மா" என்றேன்.

"ஆமால்ல" என்று போய்விட்டாள்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. வேண்டுமானால் திரும்பப் படித்துப் பாருங்கள். வந்தால் குரூப்பில் வரும், குரூப்பில் வரவில்லை.

மாலை ஆறு மணிக்கு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன இடத்தில் அஞ்சலாட்சி அம்மா விழுந்துவிட்டார். கன்னியப்பன் மேட்டு நிலத்திலிருந்து வந்து பார்த்தபோது மாடு அந்த அம்மாவை நக்கிக்கொண்டிருந்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அவர் கையில் போன் இருந்தது என்று அருள்முருகன் சொன்னான்.

மூன்றாம் நாள் அப்பாவும் மகனும் சென்டருக்கு வந்தார்கள். பின்னாலேயே ஊர்க்காரர்கள் பத்துப் பேர். கன்னியப்பன் சத்தம் போடவில்லை. "ரத்தம் எடுத்தீங்களே, அதுல இன்னாதான் இருந்துச்சு, அத மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுத் தரையில் குந்திக்கொண்டார். செம்மல் லேபுக்குப் போன் செய்தார். 7.4 என்றார்கள். அன்றைக்கே மெயில் அனுப்பிவிட்டோமே என்றார்கள். செம்மல் தன் போனில் குரூப்பை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு போனைக் கீழே வைத்தார்.

"எம்மேலதான் தப்பு. போன் பண்ண வேணாம்னு லேப்ல சொன்னது நாந்தான்" என்றார்.

அருள்முருகன் அவர் சட்டையைப் பிடித்து அறைந்தான். ஒன்றல்ல, நான்கைந்து. செம்மல் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. நான்தான் நடுவில் போய் விலக்கினேன். அருள்முருகனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். "நீங்களாச்சும் முன்ன மாதிரி பாத்திருந்தா எங்கம்மா இருந்திருப்பாங்கண்ணா" என்று என் தோளில் சாய்ந்து அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

டாக்டர் செம்மலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்தக் குரூப்பை நிறுத்திவிட்டு, "பிரகாஷ், நீயே பழையபடி கொண்டுவந்து கொடுத்துடு" என்றார். எட்டு நாள் அப்படி நடந்தது. நான் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளினால் எல்லாத் தலையும் திரும்பியது. மூன்றாவது கட்டிலில் சக்கரபாணி என்று ஒரு புது ஆள். அவரும் இரண்டே நாளில் பழகிவிட்டார். சென்டர் அமைதியாக, ஒழுங்காக நடந்த நாட்கள் அவை.

ஒன்பதாவது நாள் மெரின் செம்மலை அழைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். செம்மல் இளைத்திருந்தார். தாடி. அந்த இன்டர்நெட் பக்கத்தின் பழைய பதிவுகளை, ஒவ்வொரு மெயிலும் எங்கே போனது, யார் என்ன அழுத்தினார்கள் என்பதை, வீட்டிலிருந்தே திறந்து பார்த்திருக்கிறார். அப்படி ஒரு பதிவு இருப்பதை எனக்கு அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. போனை என் மேஜைமேல் வைத்தார்.

"இதுல உங்க பேரு ஏண்ணா இருக்குது?" என்று கேட்டது மெரின்.

செம்மல் என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

முதல் இரண்டு நாள் உங்களிடம் நான் அந்த மெயிலைப் பார்க்கவே இல்லை என்று சொன்னேன். அது சரியல்ல. பதிவில் இருப்பதுதான் சரி: 12.52 வந்தது, 12.53 திறந்தது, 3.38 'வேண்டாம்'. எதையும் அழுத்தாமல் விட்டிருந்தால் மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாமே, மூன்று மணி நேரம் சும்மா இருந்துவிட்டு ஏன் வேண்டாம் என்று அழுத்தினாய் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு மூன்று நிமிஷம் முன்னால் அலுவலகப் போனுக்கு ஓர் அழைப்பு வந்ததையும், ஒரு நிமிஷம் ஐம்பது நொடி பேசியதையும் காட்டினீர்கள். என்ன பேசினோம் என்பது உங்கள் காகிதத்தில் இல்லை. பேசிய இருவரில் ஒருவர் இப்போது இல்லை. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

"அலோ, பிரகாஷ் தம்பியா? நான் அஞ்சலாட்சி பேசுறேன்."

"சொல்லுங்கம்மா."

"ரத்தம் எடுத்தாங்களே, எதுனா சொன்னாங்களா தம்பி? போனையே பாத்துக்கினு குந்திக்கினு இருக்கறேன். நெஞ்சு ஒரு மாதிரி படபடன்னு இருக்குது. வந்துடட்டுமா?"

அவருடைய முடிவு என் எதிரே திறந்து கிடந்தது.

"ஏறியிருந்தா கூப்புடுவோம்னு செம்மல் சொன்னாரு இல்லம்மா?"

"சொன்னாரு. யாரும் கூப்புடல."

"அப்புறம் என்ன."

"அப்போ ஒண்ணும் இல்லன்னு வச்சிக்கலாமா தம்பி?"

"வச்சிக்கங்கம்மா. காலைல வந்தா போதும்."

அந்தப் பக்கம் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "அப்பாடா. வயித்துல பால வார்த்த தம்பி. நீ நல்லா இருக்கணும். உம் புள்ளைங்க நல்லா இருக்கணும்" என்றார்.

போனை வைத்துவிட்டுத்தான் வேண்டாம் என்பதை அழுத்தினேன். அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. அதற்குமேல் குரூப்பில் போட்டால் வீண் குழப்பம்.

இதை வாக்குமூலத்தில் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் கடைசியாக வாழ்த்தியது என்னைத்தான். நான் அவருக்குக் கெடுதல் செய்திருந்தால், அவர் வாயிலிருந்து அப்படி வந்திருக்குமா?